யூரின் குறைஞ்சா அன்னிக்கே கூப்பிடுங்க

சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்த்துக்கிட்டு, ஊர்ல அப்பாவுக்கு சிரோசிஸ்னு தெரிஞ்சு கவலைப்படுறவங்களுக்கு இந்த எபிசோடு. குடிச்சாரா இல்லையாங்கிற விசாரணையை அப்புறம் வெச்சுக்கலாம். சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல் இருக்கிறவங்களுக்கும் இது வரும்.

செவிலிமேட்டுல ஒரு நெசவாளர் வீடுன்னு வெச்சுக்குவோம். 30 வருஷம் குழித்தறியில உட்கார்ந்த முதுகு. இப்போ வயித்துல நீர் கோத்திருக்கு, அதுக்கு நீர் மாத்திரை சாப்பிடுறார். முதுகுவலி தாங்காம மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கிறார். மூணாம் நாள் யூரின் பாதியா குறையுது, வயிறு இன்னும் உப்புது. வீட்டுல என்ன தோணும்? நீர் மாத்திரையை இன்னொண்ணு கூட்டலாம்னு. ஆபத்தே அங்கதான்.

ஏன்னா, சிரோசிஸ்ல குடல் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிஞ்சு, ரத்தம் அங்கேயே தங்கிடும். உடம்பு பூரா தண்ணி இருந்தும் கிட்னிக்குப் போற ரத்தம் போதாது. அந்த நேரத்துல கிட்னியோட ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதைத்தான் தடுக்கும். வலிக்கு பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொல்ற அளவு மட்டும்.

ரிப்போர்ட்டும் ஏமாத்தும். கிரியேட்டினின் 1.1, நார்மல்னு அச்சடிச்சிருக்கும். ஆனா தசை கரைஞ்ச உடம்புல அது போன வாரம் 0.7 ஆக இருந்திருக்கலாம். 48 மணி நேரத்துல 0.3 ஏறினாலே கிட்னி பாதிப்புன்னுதான் கணக்கு. அதனால பழைய ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க.

ஆஸ்பத்திரியில முதல்ல நீர் மாத்திரையை நிறுத்துவாங்க. வயித்து நீரை ஊசியில எடுத்து, தொற்று இருக்கான்னு பார்ப்பாங்க. ஊசின்னு பயந்து இதைத் தள்ளிப்போடாதீங்க. தேவைப்பட்டா ஆல்புமின் ஏத்துவாங்க. நுரையீரல்ல நீர் சேருதான்னு கவனிச்சுக்கிட்டேதான் ஏத்தணும். அதுக்கும் கிரியேட்டினின் இறங்கலைன்னா டெர்லிப்ரெசின், இல்லைன்னா நார்அட்ரினலின். டெர்லிப்ரெசினுக்கு அமெரிக்காவுல 2022லதான் அனுமதி கிடைச்சது. நம்ம டாக்டர்களுக்கு அது பல வருஷப் பழக்கம்.

மருந்து கேட்கலைன்னா மாற்றுக் கல்லீரல்தான். அது பொருந்திட்டா கிட்னியும் பல பேருக்குத் தானாவே தேறிடும். இறந்தவங்க தானம் தர்ற உறுப்புக்கு டிரான்ஸ்டான்ல பதிவு பண்ணணும். 2008ல திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனோட பெற்றோர் எடுத்த முடிவுதான் இந்த தானத்தை நம்ம ஊர்ல வீட்டுப் பேச்சாக்கிச்சு. அந்த ஊர் அப்போ காஞ்சிபுரம் மாவட்டம்.

இன்னிக்கு ராத்திரி போன் பண்ணும்போது, ‘சாப்பிட்டீங்களாப்பா’வுக்கு அடுத்து, ‘வலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க, அட்டையைக் காட்டுங்க’ன்னு வீடியோவுல கேளுங்க.