சுவரில் கீறிய கேலி

ரோம் நகரத்துப் பாலட்டைன் குன்றில், பேரரசர்களின் மாளிகைகள் இருந்த இடத்தில், 1857-ஆம் ஆண்டு ஒரு பழைய கட்டடச் சுவர் வெளிப்பட்டது. அரண்மனை வேலைக்குப் பையன்களைப் பழக்கிய இடம் அது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சுவர்ப் பூச்சில் யாரோ கூரான எதையோ கொண்டு ஒரு படம் கீறியிருந்தார்கள். சிலுவையில் ஓர் உருவம். உடல் மனித உடல், தலை கழுதைத் தலை. கீழே ஒரு வாலிபன் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் கோணல்மாணலான கிரேக்க எழுத்தில், ‘அலெக்சாமெனோஸ் கடவுளைக் கும்பிடுகிறான்.’

ஏறத்தாழ 1,800 ஆண்டுக்கு முந்தைய கேலிச்சித்திரம். இயேசுவைச் சிலுவையில் காட்டும் மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்று. வரைந்தது பக்தர் அல்ல! அன்று சிலுவை, அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை. அப்படிச் செத்தவரைக் கடவுள் என்றால், அரண்மனைப் பையன்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வேறோர் அறையில், வேறொரு கையெழுத்தில், லத்தீனில் இரண்டே சொல் இருக்கிறது: ‘அலெக்சாமெனோஸ் விசுவாசி.’ கேலிக்குப் பதிலாகத்தான் இதை எழுதினார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அப்படித்தான் படுகிறது. கேலிப் படத்தை யாரும் சுரண்டி அழிக்கவில்லை. வரைந்தவனின் அம்மாவை இழுத்து எழுதவும் இல்லை. இன்றைக்கென்றால் காவல் நிலையத்தில் புகார் மனு போயிருக்கும்.

அதே கழுதைக் கதை வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலும் உலவியது. அங்கே ஒருவன் கழுதைக் காதும், ஒரு காலில் குளம்பும், கையில் புத்தகமுமாக ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். இதுதான் கிறிஸ்தவர்களின் கடவுளாம். கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்த்துல்லியன் 197 வாக்கில் எழுதிய நூலில் இதைச் சொல்லிவிட்டு, அந்த உருவத்தைப் பார்த்து நாங்களும் சிரித்தோம் என்கிறார். பொதுவாக அவர் வாய்த்துடுக்குக்காரர். அவரே சிரித்து விட்டுவிட்டார் என்பது பெரிய விஷயம்.

ஆனால் எல்லாக் கேலியும் சிரித்து விடக்கூடியதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவவாதி ஒரு நூல் எழுதினார். இயேசுவின் தாய் ஒரு ரோமப் படைவீரனிடம் கருவுற்றவள் என்றார். கிறிஸ்தவம் செருப்புத் தைப்பவர்களும் கம்பளி வேலைக்காரர்களும் விவரமறியாதவர்களிடம் பரப்புகிற சமாச்சாரம் என்றார். 248 வாக்கில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தார், அதுவும் நண்பர் கேட்டுக்கொண்டதற்காக. பொய்ச்சாட்சிகளுக்கு முன்னால் இயேசு பேசாமல் நின்றாரே, நமக்கு எதற்கு இந்த வேலை என்று முன்னுரையிலேயே தயங்குகிறார். ஆனால் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்பது அப்போஸ்தலர் பேதுருவின் அறிவுரை. பதிலை நினைவில் வைத்துக்கொண்டு சாந்தத்தை மறந்துவிடுபவர்களே அதிகம்.

தயங்கினாலும் எட்டுப் புத்தகங்கள் எழுதினார் ஓரிகன். செல்சஸின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுத்தான் பதில் சொல்கிறார். மாதாவைப் பற்றிய அந்த அசிங்கத்தையும் மறைக்கவில்லை. பெரும்பாலோர் ஆராயாமலே நம்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டா? ஆமாம், பிழைப்பைப் பார்க்கிற ஜனங்களுக்குத் தத்துவம் படிக்க நேரம் ஏது என்று ஒத்துக்கொள்கிறார்.

செல்சஸின் மூலநூல் எப்போதோ அழிந்துவிட்டது. அவர் கிறிஸ்தவர்களை எப்படியெல்லாம் ஏசினார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்று ஓரிகனின் நூலைத்தான் புரட்டுகிறார்கள்.