லத்தீன் பண்: ஏடும் குரலும்

 

கத்தோலிக்க வழிபாட்டின் இடைக்கால லத்தீன் பாடல்களை ஆராயச் சிதம்பரத்தில் கூடியிருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் கிடைத்த பிறகும் பாடும் முறை கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்கிறது திருமுறைகண்ட புராணம். யாழ்ப்பாணரின் எருக்கத்தம்புலியூர் விருத்தாசலம் பக்கத்தில்தான் இருக்கிறது. வீரமாமுனிவர் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய கோணான்குப்பமும் அதே வட்டாரம்தான்.

ஐரோப்பியத் துறவியரும் இதே இடரைச் சந்தித்தார்கள். கிரகோரியன் பாடல்கள் 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பிராங்கியர் ஆட்சியில் உருப்பெற்றவை. 10-ஆம் நூற்றாண்டின் சாங்க்ட் காலன் மடத்துச் சுவடிகளில் சொற்களின் மேல் சிறு குறிகள் உண்டு. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் அவை காட்டும். எந்தச் சுரம் என்று சொல்லமாட்டா. பாட்டை முன்பே கேட்டவருக்குத்தான் அவை உதவின. 11-ஆம் நூற்றாண்டில் அரெத்சோ நகரக் குயிதோ, கோடுகளில் சுரம் எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் கேளாத பாட்டையும் ஏடு பார்த்துப் பாட முடிந்தது.

இப்பாடல்களுக்குத் துணைச்சுரம் இல்லை, தாளக்கட்டும் இல்லை. ஒற்றை இசைவரி சொல்லின் ஓட்டத்தோடு போகும். எட்டு இசைமுறைகள், ஒவ்வொன்றுக்கும் முடிவுச் சுரமும், நின்று ஓதும் சுரமும் உண்டு. பண் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது அந்நியமே அல்ல.

1960-கள் வரை நம் கோயில்களிலும் பாட்டுப் பூசை லத்தீனில்தான் நடந்தது. இறந்தோர் பூசையில் 'தியெஸ் ஈரே', நற்கருணை ஆசீரில் அக்குவினாஸ் தோமாவின் 'தாந்தும் எர்கோ'. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் என்றது. மக்களின் சொந்த இசை மரபுக்கும் உரிய மதிப்பு வேண்டும் என்றது. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம் தந்த அமலோற்பவதாஸ் அடிகளார், இரண்டாவது கட்டளையின் வழியில், வழிபாட்டை இந்திய மரபோடு இணைக்க உழைத்தார். தமிழ் பீடமேறியது நமக்குப் பெரும்பேறு. ஆனால் முதல் கட்டளையை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம்.

அந்த மாற்றத்துக்கு முன் பாடியவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களைத் தேடிப் போய் ஒலிப்பதிவு செய்வதே நம் முதல் கடமை. சொலேம் மடத்துத் துறவியர் பழஞ்சுவடிகளை ஒப்பிட்டுச் செப்பனிட்ட நூல்களை வைத்துக்கொண்டு, அந்த முதியவர்கள் பாடுவதைத் திருத்த வேண்டாம். அவர்கள் ஒரு சுரத்தை அசைத்துப் பாடினால், லத்தீன் உச்சரிப்பில் தமிழ் ஒலி கலந்தால், அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பாட்டு நம் மக்கள் குரலில் எப்படி வாழ்ந்தது என்பதற்கு அதுவே சான்று; வேறெந்த நாட்டு நூலகத்திலும் அது கிடைக்காது. தமிழ் எழுத்தில் லத்தீன் பாட்டெழுதிய நோட்டுப் புத்தகம் எந்த வீட்டில் இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். ஓதுவார்களை அழைத்து அந்தப் பதிவுகளைக் கேட்கச் செய்யுங்கள். இசைமுறையையும் பண்ணையும் அருகருகே வைத்து ஆராய அவர்களே தகுந்த துணை.

கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் இங்கிருந்து புறப்படும் முன், தாம் சென்று பதிவு செய்யப்போகும் ஒரு பங்கின் பெயரையாவது எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். அந்த வேண்டுகோளோடு முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.