வளைவில் நின்று பாருங்கள்



சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் ஓய்ந்த பின் அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறின. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களுக்குப் பெருங்கூட்டம் கூடியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்.

குடும்பத்தோடு ஒருநாள் போய்வர அருமையான இடம். ஆனால் நேர்பாதை ஓரமாக நிற்காதீர்கள். அங்கே வண்டி மின்னலாய் மறைந்துவிடும். வளைவு தெரியும் இடமாகப் பாருங்கள். யார் கடைசி நொடிவரை பிரேக்கைத் தொடாமல் வருகிறார், யார் உள்பக்கம் புகுந்து முந்துகிறார் என்பதெல்லாம் அங்கேதான் புலப்படும். பந்தயத்தின் உயிரே வளைவுதான் என்பேன். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால், அடுத்த சுற்றில் அவர்களே உங்களுக்கு விளக்கம் சொல்வார்கள்!

பந்தய ஆர்வம் வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்குத் தொற்றுவதும் உண்டு. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் ராலி ஓட்டுநர் ஒருவரின் மகன்தான்.

எஞ்சின் சத்தம் பிஞ்சுக் காதுகளுக்கு ஆகாது. தொப்பி, தண்ணீரோடு காது மூடியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.