மிருதங்கத்தின் சுருதியும் சர் சி.வி. ராமனும்

(ரஞ்சன்காவில் நடைபெற்ற உறுப்பினர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ரஞ்சன்காவ் அஷ்டவிநாயக க்ஷேத்திரங்களுள் ஒன்று. திரிபுராசுரனை வதம் செய்யப் புறப்படுமுன் பரமேசுவரன் இங்கே மகாகணபதியை வழிபட்டார் என்பது ஸ்தல புராணம். அந்தத் திரிபுர சம்ஹாரத்தோடு மிருதங்கத்தையும் சேர்த்துச் சொல்லும் ஓர் ஐதிகம் உண்டு. வெற்றிக்குப் பிறகு ஈசன் ஆடிய ஆனந்த நடனத்துக்காகப் பிரம்மா மிருதங்கத்தைச் செய்தார். அதை முதலில் வாசித்தவர் கணபதி என்பார்கள். ஆகவே இந்த ஊரில் மிருதங்கத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான். ஆனால் நான் பேச வந்தது புராணம் அல்ல, பௌதிகம்.

சர் சி.வி. ராமன் என்றதும் 1928-ல் கண்டுபிடித்த ராமன் விளைவும், 1930-ல் கிடைத்த நோபல் பரிசும்தான் நம் நினைவுக்கு வரும். அதற்குப் பல வருஷங்கள் முன்பே, சங்கீத வாத்தியங்களின் ஒலியை ஆராய்ந்தவர் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் அவரை அறிந்திருந்தார்கள். 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். தகப்பனார் சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பார். பத்தினி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பார். 1907 முதல் 1917 வரை அவர் கல்கத்தாவை மையமாகக் கொண்டு அரசாங்க நிதித்துறையில் வேலை பார்த்தார். ஆபீசுக்குப் போகுமுன்னும் ஆபீஸ் விட்ட பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்வார். இங்குள்ள தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வந்து சங்கீதம் கற்றுக்கொள்ளும் நண்பர்களுக்கு இது உற்சாகம் தரும் என்று நினைக்கிறேன்.

மிருதங்கத்தில் அவர் கண்டது என்ன? ஒரு தந்தியை மீட்டினால் ஆதார ஒலியோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து எழும். அவை முழு எண் மடங்குகளாக இருப்பதால் நம் காது அனைத்தையும் கலந்து ஒரே ஸ்வரமாகக் கேட்கிறது. ஒரே கனமுள்ள தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் அப்படி வராது. ஆதார ஒலி 1 என்றால், அடுத்தவை 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் சாதாரண முரசில் தாளம் கேட்கிறதே தவிர, ஸ்வரம் கேட்பதில்லை. கணபதி ஊர்வலத்தில் வரும் டோல், தாஷா சத்தத்தை நினைத்துப் பாருங்கள். யாராவது அதற்குச் சுருதி சேர்த்துப் பாட முடியுமா?

மிருதங்கமோ பாடகரின் ஆதார ஷட்ஜத்தோடு இழைகிறது. இதன் ரகசியம் வலந்தலையின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தில் இருக்கிறது. கிட்டக்கல் பொடியும் சாதமும் கலந்து, மெல்லிய அடுக்குகளாகத் தடவி, ஒவ்வோர் அடுக்கையும் கல்லால் தேய்த்து ஏற்றுகிறார்கள். ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது. நடுவில் ஏற்றிய இந்தப் பாரம் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தோல் அதிரும்போது மணலைத் தூவி, எந்தெந்தக் கோடுகளில் அசைவில்லை என்று பார்த்தார்கள். 1934-ல் ராமன் விரிவாக எழுதியபோது, தோலின் 9 வகை அதிர்வுகள் இந்த 5 ஒலிகளுக்குள் அடங்குகின்றன என்று காட்டினார்.

வித்வான் ‘நம்’ என்று வாசிக்கும்போது ஒரு விரல் தோலை லேசாகத் தொட்டிருக்கும், இன்னொரு விரல் ஓரத்தில் தட்டும். தொட்ட விரல் ஆதார ஒலியை அடக்குகிறது. தோல் இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒன்று மேலே போக மற்றது கீழே இறங்கி, இரண்டாம் மடங்கு ஒலி தெளிவாகக் கேட்கிறது. குரு சிஷ்யனுக்கு விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பது இந்த விஞ்ஞானத்தைத்தான்.

தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரை பற்றியும் அவர் 1921-ல் எழுதினார். வயலின் தந்தியின் அதிர்வுக்கு அவர் 1918-ல் தந்த விளக்கம் இன்றும் ‘ராமன் மாதிரி’ என்ற பெயரில் பேசப்படுகிறது. கணினியில் வயலின் ஒலியை உருவாக்குபவர்கள் படிக்கும் பாடங்களில் அதுவும் ஒன்று. 2011-ல் பார்சிலோனாவில் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து கர்நாடக சங்கீதத்தைக் கணினி வழியே ஆராய்ந்தது. ராமன் மணலைத் தூவிப் பார்த்ததை இன்று மென்பொருள் பார்க்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பழைய இந்தியர்களின் ரசனைக்கும் ஒலியறிவுக்கும் இந்த வாத்தியம் சாட்சி என்று ராமன் கருதினார். அந்த அறிவு யாருடையது என்று நாம் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். எந்தச் சமன்பாடும் இல்லாமல், காதை மட்டும் நம்பி, எத்தனை அடுக்கு சாதம் போதும் என்று தீர்மானித்தவர்கள் தோல் வேலை செய்யும் கைவினைஞர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து இருந்தார். இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நாம் வித்வானுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ராமன் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். வாத்தியம் செய்தவரின் பெயரைக் கேட்பதுகூட இல்லை.

நம் சங்கத்துக்கு என் விண்ணப்பம் இதுதான். அடுத்த நவராத்திரிக் கச்சேரிக்கு மிருதங்கம் செய்பவர் ஒருவரையும் அழைப்போம். குழந்தைகள் முன்னால் அவர் கறுப்புச் சாதம் ஏற்றிக் காட்டட்டும். அவருக்கும் மேடையில் வித்வானுக்குச் சமமாக மரியாதை செய்வோம். அந்தக் குழந்தைகளில் ஒருவர், “ஏன் இப்படி ஒலிக்கிறது?” என்று கேட்டுவிட்டால், அது ராமனுக்கும் செய்த மரியாதை ஆகும்.