வார்டுக்கு வராத குழந்தை



மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் குழந்தைகள் வார்டில் நிற்கிறார். எடை பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், தடுப்பூசி போட்டாயிற்றா என்று தாயிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார். பிறகு பேராசிரியர் முன் நின்று கேஸ் சொல்கிறார். எல்லாமே தேவையான பாடங்கள்தான். ஆனால் அந்த வார்டில் அவர் பார்ப்பது, கடனோ கைமாற்றோ வாங்கி, பஸ் பிடித்து, எப்படியோ ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்த குழந்தைகளைத்தான். வந்து சேராத குழந்தைக்குக் கேஸ் ஷீட் கிடையாது. அந்தக் குழந்தையைப் பற்றி மாணவருக்கு யார் சொல்லித்தருவது?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், காடு சூழ்ந்த மாவட்டம் கட்சிரோலி. கோண்டு பழங்குடியினர் நிறைய வாழும் பகுதி. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டுத் திரும்பி, 1986இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். 'சர்ச்' (SEARCH) என்பது அவர்கள் அமைப்பின் பெயர்.

முதலில் அவர்கள் கவனம் நிமோனியா மேல் விழுந்தது. கைக்குழந்தை வேகமாக மூச்சு விடுகிறதா என்று எண்ணிப் பார்த்தாலே நோயைச் சந்தேகிக்கலாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50 என்பது எல்லைக் கணக்கு. ஆனால் ஊரில் பிரசவம் பார்க்கும் பாட்டிமார் பலருக்கு ஐம்பது வரை எண்ண வராது. அதற்காக ஒரு கருவி செய்தார்கள். ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் குழந்தைக்கு மருந்து தேவை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கைக்கு எது வரும் என்று யோசித்துச் செய்த இந்தக் கருவியை, எந்தப் பெரிய ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்புக்கும் குறைந்ததாக நான் கருதவில்லை.

அடுத்துப் பச்சிளம் குழந்தைகள். 39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்தாவது முதல் பத்தாவது வரை படித்த பெண்கள் அவர்கள். பிரசவத்தின்போது கூட இருந்து, பிறகு 28 நாள்வரை வீடு தேடிப் போய்க் குழந்தையைப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். 1995-96இல் இப்படிக் கவனிக்கப்பட்ட குழந்தைகள் 763. அவற்றில் பாதிக்கு மேல் மருத்துவக் கவனிப்பு தேவைப்பட்ட குழந்தைகள். கவனிப்பு கிடைத்ததோ நூற்றுக்கு மூன்று குழந்தைகளுக்குக்கூட இல்லை. வார்டில் மட்டும் நின்று பார்த்தவருக்கு இந்த எண் எந்தக் காலத்திலும் தெரிய வந்திருக்காது.

பிறகு அந்தப் பெண்களுக்கே சிகிச்சையும் கற்றுக்கொடுத்தார்கள். மூச்சுத் திணறிப் பிறந்தால் என்ன செய்வது, எடை குறைந்த குழந்தைக்கு எப்படிக் கதகதப்பு தருவது, தாய்ப்பால் குடிக்க வைப்பது எப்படி, ரத்தத்தில் கிருமித் தொற்று என்று தெரிந்தால் ஜென்டாமைசின் ஊசி போடுவது எப்படி என்றெல்லாம். கிராமத்துப் பெண்ணின் கையில் ஊசியா என்று தயங்குவது இயல்பு. தயக்கத்துக்குக் கணக்குதான் பதில் சொன்னது. தொடக்கத்தில் அந்தக் கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 62 குழந்தைகள் முதல் மாதத்துக்குள் இறந்தன. மூன்றாம் ஆண்டில் அது 25 அளவுக்கு இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட 47 கிராமங்களில் ஏறக்குறைய 60 என்ற அளவிலேயே நின்றது. இந்த முடிவு 1999இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

ஒப்பிட்டுப் பார்த்த அந்த 47 கிராமங்களை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது. அங்கே வழக்கமான அரசு சேவைகள் மட்டுமே இருந்தன. ஒப்பீடு இல்லாமல் உண்மை தெரியாது, சரி. ஆனால் ஏழைக் குழந்தைகளை வைத்து அறிந்த உண்மை எல்லா ஏழைக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும்போதுதான் அவர்களிடம் பட்ட கடன் தீரும். நாடு முழுவதும் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் பச்சிளம் குழந்தைகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டம் 2011இல் வந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையானால் மூன்றாம் நாள் தொடங்கி 42ஆம் நாள்வரை ஆறு முறை வர வேண்டும். முடிவு அச்சாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த திட்டம் இது. என்னைக் கேட்டால், அது மிக நீண்ட தாமதம்.

இப்போது மாணவர்களிடம் வருவோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிப்பது பல காலமாக இருக்கும் வழக்கம். காந்தி வாழ்ந்த சேவாகிராமத்து மருத்துவக் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டு மாணவர் அணிக்கும் ஒரு கிராமம் உண்டு. 2021-22இல் சேர்ந்தவர்கள் தொடங்கி, எம்.பி.பி.எஸ். மாணவர்கள் எல்லோருமே கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்தில் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள இளநிலை மாணவர்கள் இரண்டு மாதம் சிறு ஆய்வு செய்ய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் உதவித்தொகை தருகிறது.

குடும்பத் தத்தெடுப்பு, சிறு ஆய்வு என்ற இந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தத்தெடுத்த குடும்பத்துக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, நோட்டை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினால் மாணவர் எதையும் கற்றதாகாது. இந்தத் தெருவில் போன வருஷம் பிறந்த குழந்தைகள் எத்தனை, எடை குறைந்து பிறந்தவை எத்தனை, காய்ச்சல் கண்டால் முதலில் யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஏன் அவரிடம்? இப்படி ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நேர்மையாக எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிய கணக்கை அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கட்டும். பேராசிரியர்கள் மதிப்பெண் போடும்போது அதையும் பார்க்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை, நேயர்களே. நோட்டும் பேனாவுமாக ஒரு மாணவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். குழந்தைக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இதையெல்லாம் எதற்காகக் கேட்கிறாய் தம்பி, எதற்காகக் கேட்கிறாய் அம்மா என்று நீங்களும் கேளுங்கள். பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், அதனால் உங்கள் சிகிச்சை எதுவும் நின்றுபோகாது. ஆய்வு முடிந்ததும் என்ன தெரியவந்தது என்பதை எங்கள் ஊருக்கு வந்து சொல்லிவிட்டுப் போ என்று கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.