ஒருவர் கையில் அதிகாரம்: இலங்கை தரும் பாடம்



தோட்டப் புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கும் பால் நிறுக்கும் கொட்டகை நினைவிருக்கும். மரம் வெட்டிவிட்டு வந்த நம் பெற்றோர், பால் வாளிகளுடன் வரிசையில் நிற்பார்கள். கிராணியார் நிறுத்துக் கணக்கெழுதுவார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தராசை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் நம் தாய்மார்கள் நகரமாட்டார்கள். உழைத்த கூலி அந்தக் கணக்கில்தானே இருக்கிறது!

ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டமும் இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடுதான். ஆள்பவர் நல்லவரா என்று அது கேட்பதில்லை. அவர் எழுதும் கணக்கைப் பார்ப்பதற்குப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறாரா என்றே கேட்கிறது. இதற்கு இலங்கையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் சந்ததியினர் இருக்கிறார்கள். கிள்ளான் பகுதித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கப்பலேறியதுபோலவே, தமிழகத்திலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களும் பலர். ஆகவே அந்நாட்டில் நடப்பது நம் உறவினர் வீட்டுச் செய்தி போன்றதே.

1972ஆம் ஆண்டு இலங்கை குடியரசானபோது, ஜனாதிபதி பெயரளவுக்கே தலைவர். ஆட்சி பிரதமர் கையில் இருந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் கட்சி 168 இடங்களில் 140ஐக் கைப்பற்றியது. அந்தப் பலத்தைக் கொண்டு 1978இல் புதிய அரசியலமைப்பு வந்தது. நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தலைவர் என்ற மூன்று பொறுப்புகளும் ஒரே ஜனாதிபதியிடம் சேர்ந்தன. பதவியில் இருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடுக்கவும் இயலாது.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1982ஆம் ஆண்டு டிசம்பரில், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக மக்கள் வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டித்தார்கள். தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத பதவி விலகல் கடிதங்களை ஜனாதிபதி வாங்கி வைத்துக்கொண்டார். 1989 வரை அந்நாட்டு மக்கள் பொதுத் தேர்தலைக் காணவில்லை. இடையில் 1983இல் வந்த ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அதை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் இடங்களை இழந்தனர். தமிழ் மக்களுக்காகக் கேள்வி கேட்கும் குரல், கேட்க வேண்டிய வேளையில் மன்றத்தில் இல்லாமல் போயிற்று.

பின்னர் வந்த திருத்தங்களைக் கவனியுங்கள். 2001இல் வந்த பதினேழாவது திருத்தம், உயர் பதவி நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவை என்ற மேற்பார்வையை உண்டாக்கியது. 2010இல் பதினெட்டாவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஒருவர் இரண்டு தவணைகளே ஜனாதிபதியாக இருக்கலாம் என்ற வரம்பையும் நீக்கியது. 2015இல் பத்தொன்பதாவது திருத்தம் இரண்டையும் மீட்டது. வியப்பு என்னவென்றால், 2010இல் அதிகாரத்தைக் கூட்டியதும், 2015இல் குறைத்ததும் ஒரே நாடாளுமன்றம்தான். அதற்குக் கை தூக்கியவர்களில் பலர் இதற்கும் கை தூக்கினார்கள். ஆள் மாறியதும் கையும் மாறிற்று.

ஆனால் எழுதி வைத்த வரம்பு வீண்போகவில்லை. பத்தொன்பதாவது திருத்தத்தைக் கொண்டுவந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே, 2018 நவம்பரில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கலைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று, டிசம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தாம் கட்டிய வேலியே தம்மையும் தடுத்தது. சட்டம் இருக்க வேண்டியது இப்படித்தான்.

அந்த வேலியை 2020இல் இருபதாவது திருத்தம் பெரும்பாலும் பிடுங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், இரசாயன உரத்தைத் தடை செய்ய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச முடிவெடுத்தார். வேளாண் அறிஞர்கள் எச்சரித்தும் பயனில்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலையும் குறைந்தது. கொழுந்து குறைந்தால் மலையகத் தொழிலாளியின் அடுப்பில் அது தெரியும் அல்லவா? நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. இதற்குத் திருத்தம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தவறான முடிவைத் தொடக்கத்திலேயே நிறுத்தக்கூடிய கைகள் பலவீனமாக இருந்தன. 2022இல் மக்கள் வீதிக்கு வந்தனர். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் இருபத்தோராவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீண்டும் நிறுவியது.

நம் மலேசியாவில் ஜனாதிபதி இல்லை. மாமன்னர் நாட்டின் தலைவர். பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். இரு பொறுப்புகளும் இரு இடங்களில் இருப்பதே ஒரு பாதுகாப்பு. ஆயினும் நம் சட்டமும் பலமுறை திருத்தப்பட்டதே. மக்களவையின் 222 உறுப்பினர்களில் 148 பேர் இசைந்தால், மேலவையிலும் அதே மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால், பெரும்பாலான பகுதிகளை மாற்றிவிடலாம். அந்த 148 பேரை அனுப்புகிறவர்கள் நாமே.

ஆகவே ஒரு திருத்தம் வருகிறது என்று கேள்விப்படும்போது, அதைக் கொண்டுவருபவர் நமக்குப் பிடித்தவரா என்று பார்ப்பது போதாது. இந்த அதிகாரம் யாருக்குப் போகிறது? அவரைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? நாளை நமக்குப் பிடிக்காத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் இதை ஏற்போமா? இம்மூன்றையும் வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத நம் தாய்மார்களுக்கே தராசைப் பார்க்கத் தெரிந்திருந்தது. படித்த நாம் பார்க்காமல் இருக்கலாமா?