அணியம்: மின்சுற்றுப் பலகையும் தமிழ்க்கையும்
(இராசபாளையம் அய்யனார் கோவிலில் நிகழ்ந்த சொற்பொழிவு)



இம்மலையோடை நீரைப் பருகும் இராசபாளையத்தில் 1936-இலேயே நூற்பாலை எழுந்தது. நூலின் பருமனை மாற்றப் பழைய நூற்பொறியை நிறுத்திப் பல்லுருளிகளை மாற்றுவர். அவ்வளவு நேரமும் நூலில்லை, வருவாயுமில்லை. திருப்பெரும்புதூர் மின்னணு ஆலைகளிலும் இதே கணக்குத்தான்.

மின்சுற்றுப் பலகையில் உறுப்பிணைக்கும் பொறி மணிக்குப் பல்லாயிரம் உறுப்புகளை வைக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்தடைகள் பட்டைச்சுருள்களில் அடங்கி, ஊட்டிகள் வழியே வரும். உறிஞ்சுமூக்கு அவற்றை எடுத்து வெள்ளீயப் பசைமேல் அமர்த்தும். பலகை வகை மாறினாலோ அவ்விரைவு அனைத்தும் நின்றுபோம். அச்சுத்தகடு, சுருள்கள், மூக்குகள், உலைவெம்மை யாவும் மாறவேண்டும். இம்முன்னேற்பாட்டிற்கு 'அணியம்' என்பதே தக்க பெயர்.

எட்டு மணிநேரப் பணியில் நான்கு மாற்றங்கள், ஒவ்வொன்றும் அரைமணி எனக் கொள்க. காற்பங்கு நேரம் வீண்! முதற்பலகை ஓடும்பொழுதே அடுத்ததன் சுருள்களை வேறொரு தள்ளுவண்டியில் ஏற்றிவைத்தால், பொறி நின்றபின் வண்டியை மாற்றினாற் போதும். ஓடும்போது செய்யத்தக்கதை நின்றபின் செய்யாதே என்னும் இந்நெறியால், சப்பானிய அறிஞர் சிகேயோ சிங்கோ 1969-இல் தொயோத்தா ஆலையில் நான்கு மணிநேர அணியத்தை மூன்று நிமையமாக்கினார்.

பொதுவுறுப்புடைய பலகைகளைக் குடும்பமாக்கி ஒரே அணியம் செய்வது மற்றொரு வழி. ஆயின் சுருள்வரிசை நீளும். மூக்கு தொலைவு செல்லும். ஒவ்வொரு பலகையும் சற்றே பிந்தும். ஒரே பலகையைப் பல்லாயிரமாகச் செய்வார்க்கு இஃது ஆகாது. பலவகைகளை ஐம்பது, நூறாகச் செய்யும் சிற்றாலைக்கோ இதுவே உயிர்.

காலக்கேட்டினும் கொடியது பிழை. ஒன்றேபோல் தோன்றும் இரு சுருள்கள் இடம்மாறினால் தொகுதி முழுதும் பழுது. கோட்டுக்குறி படிக்கும் கருவி இல்லாவிடத்துப் பணித்தாளே காப்பு. அதனை ஆங்கிலத்தில் எழுதித் தமிழ்ப்பெண் கையில் கொடுப்பது என்ன அறிவுடைமை?

2006-இல் திருப்பெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் நின்றது. பொறி அயலாருடையது, போகும். அணியம் செய்த கைகளின் பட்டறிவு தமிழில் எழுதப்பெற்றிருப்பின் அடுத்த ஆலையிலும் அதற்கு விலையுண்டு.

சொல்லில்லை என்பார் உளர். ஊட்டி, சுருள், மூக்கு: இவற்றுள் எது விளங்காதது? மொழிஞாயிறு பாவாணர் பிறந்த சங்கரன்கோவில் இங்கிருந்து நெடுந்தொலைவன்று! இவ்வட்டாரத் தொழிற்பயிலக இளைஞர் ஒரு பணித்தாளையேனும் தமிழில் எழுதிப் பொறியருகே ஒட்டட்டும். புதிதாய் வந்த பெண்ணொருத்தி அதனைப் பார்த்துப் பிழையின்றிச் சுருள் ஏற்றுகின்றாளா என்று எண்ணிக் கணக்கெடுக்கட்டும்.